மார்கழியில் ஒரு விசிறி

மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. கொடைரோடு நடைமேடையில் எல்லோரும் போர்த்தியிருக்க, மதுரை ரயிலில் இருந்து இறங்கிய பானுப்ரியாவுக்கு மட்டும் வியர்க்கிறது. அவளுக்குச் சினைப்பையில் வந்திருப்பது அரிய வகைப் புற்றுநோய். ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளர உதவும் ஏற்பிகள் அந்தக் கட்டியில் இருப்பது தெரிந்ததும், கீமோவை நிறுத்தி, ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதனால் வருகிற சூடு இது. கணவன் பழனிக்குமார் ஸ்கேன் படம் இருக்கும் பெரிய உறையாலேயே அவளுக்கு விசிறுகிறான். புதிதாக முளைத்த சுருட்டை முடி நெற்றியில் பறக்கிறது. “ஏங்க, ஊரே குளிருல நடுங்குது. பாக்குறவுக என்ன நினைப்பாக?” “கட்டி பாதியாச் சுருங்கிருச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. எவன் என்ன நினைச்சா நமக்கென்ன?” அவள் சிரித்துக்கொண்டே கண்களை மூடி, கழுத்தை இன்னும் கொஞ்சம் காற்றின் பக்கம் சாய்க்கிறாள்.