பூச்செடிகள் மட்டும்

ஒரு பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியர் அறை வாசலில், தொட்டியில் ஒரு குரோட்டன்ஸ் செடி சொகுசாக வாழ்ந்துவந்தது. அதன் தலைக்கு மேலே 'இங்கே பூச்செடிகள் மட்டும்' என்று ஒரு பலகை தொங்கியது.

பக்கத்திலேயே, தட்டு கழுவும் குழாயடியில், ஓர் அவரைக்கொடி முளைத்தது. "பிள்ளைங்க சாப்பிடுற இடத்துல காய்கறிக்கு இடமில்லையா?" என்று பாதாம் இலையில் தலைமையாசிரியருக்கு மனு எழுதி, கையெழுத்து வாங்கி வர அணிலிடம் கொடுத்தது. செம்பருத்தி கையெழுத்துப் போட்டது. எறும்புகள் வரிசையில் நின்று கைநாட்டு வைத்தன. குரோட்டன்ஸ் மட்டும், "நமக்கெதுக்கு வம்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் காலை மண்வெட்டி வந்தது. "சட்டம் தெரியுமில்ல?"

அவரை இலையை விலக்கி ஊதாப் பூங்கொத்தைக் காட்டியது. "நானும் பூச்செடிதானே அண்ணே."

"நாளைக்குக் காய்க்குமே?"

"காய்க்கக்கூடாதுன்னு பலகையில எழுதலையே."

மண்வெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உன்னை வெட்டல. ஆனா பாத்தி கட்டணும்னா மேலிடத்து உத்தரவு வேணும்." திரும்பும்போது அதன் பார்வை தொட்டியில் விழுந்தது. "ஆமா, இது என்னைக்குப் பூத்துச்சு?"

குரோட்டன்ஸ் தன் வண்ண இலைகளுக்குள் அவசரமாகத் தேடியது. அதற்குப் பூத்ததாக நினைவே இல்லை.

அவரை தன் நுனியை நீட்டி, பூவோடு அதன் தோளில் போட்டது. "இதுவும் நம்ம ஆளுதான் அண்ணே."

மண்வெட்டி போய்விட்டது. குரோட்டன்ஸ் தன் தோளில் கிடந்த பூவைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கூப்பிட்டது.

"அணிலே, அந்த இலையில இன்னும் இடம் இருக்கா?"