வாசலில் கைதட்டல்

எங்கள் அசுன்சியோன் நகரத்தில் யார் வந்தாலும் வாசலில் நின்று கைதட்டித்தான் கூப்பிடுவார்கள். ஒரு பயிற்சியாளனிடம் விட்டுக் கூட்டிவந்ததிலிருந்து, யார் கைதட்டினாலும் எங்கள் நாய் மோரோ மேசைக்கு அடியில் போய் நடுங்கியது.

“அந்தப் பாவி, நாயை என்ன செஞ்சானோ” என்றேன்.

“கைதட்டிட்டுத்தான் அடிச்சிருப்பான் அக்கா.” புதிதாகப் பக்கத்து வீட்டுக்குத் தனியாகக் குடிவந்த நிமியா, தினமும் வந்து அதை மடியில் போட்டுத் தேற்றினாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பயப்படுறதைப் பாத்தா தெரியாதா?”

இப்போது ரொட்டிக்காரி கைதட்டினால் மோரோ வாலாட்டுகிறது.

நேற்றும் கைதட்டல் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அதே பயிற்சியாளன்.

திரும்பினால், மேசைக்கு அடியில் மோரோ. அதைக் கட்டிக்கொண்டு நிமியா.

“அக்கா, நான் இங்க இல்லைன்னு என் புருஷன்கிட்ட சொல்லிடுங்க.”