கம்பியில்லா வண்டு

சுகுபா நகரத்துப் பூச்சி ரோபோ போட்டியில் சட்டம் சுலபம். கட்டைவிரல் அளவு ரோபோ, கம்பி எதுவும் இல்லாமல் பறக்க வேண்டும். அதிக நேரம் பறப்பது ஜெயிக்கும். தொழில் ரகசியம் என்பதால் யாரும் தொடக்கூடாது; நடுவர்கள்கூடத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள்.

இறக்கை செய்வது பெரிய விஷயமில்லை. சக்திக்கு எங்கே போவது என்பதுதான் தலைவலி. பேட்டரி வைத்தால் பாரத்தில் எழும்பாது. வைக்காவிட்டால் அசையவே அசையாது.

பேராசிரியை ஹயாசேயின் பச்சை வண்டு ரோபோவோ அரையிறுதியில் அரங்கத்தையே குஷியாக வலம் வந்தது. பேராசிரியர் மினேகிஷியின் வண்டும் நேற்றுவரை ஜோராகத்தான் பறந்தது. இன்று இறுதிப் போட்டி. பார்த்தால் பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறது. தோற்றால் அவருடைய ஆய்வகத்துக்குப் பூட்டு என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. காலையிலிருந்து ஊரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினார்.

"அதெல்லாம் போன மாசமே தீர்ந்துபோச்சு சார்" என்று எல்லோரும் கைவிரித்தார்கள்.

மதியம் மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்ததும், மினேகிஷி பூனைபோல ஹயாசேயின் அறைக்குள் நுழைந்தார். அந்த அம்மாளுக்கு மட்டும் சக்தி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையில் முதல் திருட்டு. கைப்பையைத் திறந்தார்.

உள்ளே ஒரு குட்டிக் கிண்ணம் ஜெல்லி. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வளர்க்கிற வண்டுகளுக்கு, நிஜ வண்டுகளுக்கு, தீனியாகப் போடுவார்களே, அதே பழ ஜெல்லி.

மினேகிஷிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

"என் பையில என்ன சார் தேடுறீங்க?"

வாசலில் ஹயாசே. அவர் கையிலிருந்த ஜெல்லியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"உங்க ரோபோ ஜெல்லியெல்லாம் சாப்பிடுமா மேடம்?"

"மெதுவா பேசுங்க சார். அது பெயின்ட் அடிச்ச நிஜ வண்டுதான். பேட்டரியோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டிப் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகல." இடுப்பு ஒடிகிற மாதிரிக் குனிந்தவள் நிமிரவே இல்லை. "வெளிய சொல்லிடாதீங்க. என் மானமே போயிடும். என்ன வேணும்னாலும் கேளுங்க, தர்றேன்."

மினேகிஷி போய்க் கதவைத் தாழிட்டார். கிண்ணத்தை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை.

"இதுல பாதி குடுங்க மேடம். என்னோடது நேத்துலேருந்து பட்டினி."