உலைக்கு முன்

தட்டில் இருக்கும் கதவுக் கீல்கள் பெயருக்குத்தான் நிற்கின்றன. இரும்புப் பொடியையும் மெழுகையும் குழைத்து இயந்திரம் அச்சிட்டவை. கரைப்பானில் ஊறி மெழுகு போய்விட்டது. உலையில் வெந்தால்தான் இரும்பு. அதுவரை நகம் பட்டாலும் மாவு. அவன் தட்டை இரு கைகளாலும் ஏந்தி உலையை நோக்கி நடக்கிறான். கரைப்பானின் நெடி தொண்டையில் நிற்கிறது. ஜன்னல் வெயில் பட்டும் கீல்கள் மினுங்கவில்லை, சாம்பல் நிறம். "மாப்ள, தும்மித் தொலைச்சிடாத. அப்புறம் அள்ளிப் பல்லு விளக்க வேண்டியதுதான்," என்கிறான் உலைக்கதவைத் திறந்து பிடித்திருக்கும் கூட்டாளி. அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த அறைக்குள் போன் கூடாது. இன்று மட்டும் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். காலையில் மருத்துவமனை வாசலில் அண்ணி சொன்னாள்: "உங்க அண்ணன் கண்ணு முழிச்சா மெசேஜ் போடுறேன் தம்பி. வேற ஏதாச்சும் ஆச்சுன்னாதான் கூப்பிடுவேன்."

பாதி வழியில் போன் அதிர்கிறது. ஒரு தடவை. அவன் கால் நிற்கிறது. மறுபடி அதிர்கிறது. விடாமல் அதிர்கிறது; மெசேஜ் இல்லை, அழைப்பு. நெஞ்சிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து முழங்கைக்கும் அது இறங்குகிறது. மணிக்கட்டுக்கு வருமுன் கைகளை உடம்பை விட்டு விலக்கிப் பிடிக்கிறான். ஓரத்துக் கீல் ஒன்றிலிருந்து ஒரு சிட்டிகைப் பொடி உதிர்கிறது. போன் ஓய்கிறது. அவன் நடக்கிறான். தட்டு உலைக்குள் போகிறது. கதவு மூடுகிறது.

"ஒண்ணுகூட உடையல. கல்லு மாதிரி கைடா உனக்கு," என்கிறான் கூட்டாளி.

போன் மறுபடி அதிரத் தொடங்குகிறது. தட்டு போன பின்னும் அவன் கைகள் ஏந்தியபடியே இருக்கின்றன.