டிக்கெட்டின் பின்பக்கம்

வானொலியில் முதல் எண் வந்தது. ஏழு.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கைதட்டல் எழுந்தது. ஜன்னலோரம் நின்று துணி மடிக்கும் வாயாடி கொடுத்த எண் அது.

இரண்டாவது, இருபத்துமூன்று. அதுவும் அவர்களுடையதுதான்.

நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்ற பெரியக்கா மட்டும் கைதட்டவில்லை.

மூன்றாவதும் பொருந்தியபோது, அவள் கையிலிருந்த விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போனது. பதினொரு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை.

ஐந்து பெண்கள், ஆளுக்கொரு எண். ஆறாவது, அந்த இஸ்திரி இயந்திரத்தின் மேல் பொறித்திருந்த எண். வாராவாரம் அதே ஆறு. எல்லோரிடமும் காசு வாங்கி டிக்கெட் எடுக்கும் பொறுப்பு, மூத்தவள் என்பதால், பெரியக்காவுடையது.

அந்தப் பெரியக்கா இரண்டு வருடமாக டிக்கெட்டே எடுக்கவில்லை.

திருடும் எண்ணமெல்லாம் இல்லை. டிக்கெட் கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற நடைமேம்பாலத்தில் நாற்பத்திரண்டு படி ஏறி, நாற்பத்திரண்டு படி இறங்கவேண்டும். நாளெல்லாம் நின்ற முழங்கால் ஒரு மாலை முடியாது என்றது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரமும் முழங்கால் அதையேதான் சொன்னது.

காசு மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அப்படியே கிடந்தது. டப்பா நிறைய நிறைய, சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டையில் இன்னும் கீழே இறங்கிக்கொண்டே போனது.

ஆறும் விழுந்தால்தான் பரிசு. ஐந்து விழுந்தாலும் வெறுங்கை. ஆறும் விழ ஒன்றரைக் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று ஆஸ்பத்திரி எழுத்தர் ஒருமுறை கேலி செய்திருந்தார். மற்ற நால்வருக்கும் அது கடுகளவு. அவளுக்கு மட்டும் மலையளவு.

தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வானொலி கேட்டவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நான்காவது எண்ணும் வந்தது.

"பெரியக்கா, டிக்கெட்ட எடுங்க! கண்ணால ஒரு தடவை பாத்துக்கறேன்!" கிழிசல் தைப்பவள் எழுந்து ஓடி வந்தாள்.

வாயாடி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "பாக்கறதுக்கு அது என்ன மாப்பிள்ளை போட்டோவாடி? போய் ரேடியோவக் கேளு."

ஐந்தாவது, முப்பத்தொன்பது.

அவர்களுடையது நாற்பது.

"ச்சே!" என்று நான்கு குரல்கள் ஒன்றாக எழுந்தன. பெரியக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வியர்வை முதுகில் வழிந்து இறங்கியது. இன்னொரு வாரம் இதைத் தாங்க அவளால் முடியாது.

ஐந்து மணிக்குக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினாள். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றாள். மறுபக்கம் இறங்கியபோது கால் கால் மாதிரி இல்லை.

அடுத்த குலுக்கலுக்கென்று ஆறு எண்களையும் சொன்னாள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கடைக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இது திங்கக்கிழமை காலையில வர்ற அம்மாவோட நம்பராச்சே. அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பெரியக்காவுக்குப் புரியவில்லை.

"ரெண்டு வருஷமா ஒரு வாரம் விட்டதில்லைங்க. வந்தா வாய் ஓயாது. ஆனா டிக்கெட் கைக்கு வந்ததும் சத்தமே இருக்காது. பின்பக்கம் அஞ்சு பேரை எழுதுவாங்க. அப்புறம் துணி மடிக்கிற மாதிரி ஓரத்தோட ஓரம் வச்சு நாலா மடிப்பாங்க."

அவர் டிக்கெட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"முதல் பேரு எப்பவும் பெரியக்கான்னுதான் இருக்கும். அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"