வெள்ளைக் கட்டங்கள்

இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த புராஜெக்டில் இடமில்லை என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். அற்புதராஜ் மனைவியையும் மகளையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டு, லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினான். ஆன்லைனில் தேர்வைக் கண்காணிப்பவரின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"சுவத்துல எதுவுமே இருக்கக் கூடாது சார்."

"எல்லாத்தையும் கழட்டிட்டேனே."

"வெள்ளை வெள்ளையா கட்டம் தெரியுதே?"

"பழைய சர்ட்டிஃபிகேட் மாட்டியிருந்த இடம். எல்லாம் நான் பாஸ் பண்ணினதுதான்."

"அதெல்லாம் இப்ப செல்லுமா சார்?"

கடைசியாக வாங்கியதுகூடப் போன மாதம் காலாவதியாகியிருந்தது.

"அப்ப அந்தக் கட்டத்தையும் எடுத்துடுங்க. இல்லேன்னா பரீட்சை கேன்சல் ஆயிடும்."

வியர்வையில் நனைந்திருந்த சட்டையைக் கழற்றிச் சுருட்டி, ஒரு கட்டத்தின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தான். சுற்றிலும் படிந்திருந்த அழுக்கு கரைந்து வந்தது.

"இன்னும் தெரியுது சார்" என்றது குரல்.

இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க, கட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.