ஒரு இஞ்ச் வித்தியாசம்

"ரிஜெக்ட்" என்று இரண்டு சாக்ஸையும் மேசைமேல் போட்டார் மாரப்பன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இஞ்ச் டேப் மட்டும் இன்னும் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை.

"ஏனுங்க மாமா?" என்றாள் மருமகள் இந்துமதி.

"இது பத்து இஞ்ச். இது ஒன்பது. எந்த பையர் வாங்குவான், கண்ணு?"

அந்தத் தெருவில் ஊட்டிக்குப் போகிறவர்கள் எல்லாம் இந்துமதி பின்னிய ஸ்வெட்டரோடுதான் போவார்கள். சாக்ஸ்தான் அவளுக்குப் புதிது. பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் கற்றுக்கொண்டிருந்தாள். நாலு ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். குதிகால் வளைவில் கண்ணி நழுவிவிடும்.

"யாரோட ஆர்டர்?"

"வேண்டியவங்களுக்குங்க மாமா."

"அப்ப இன்னும் சுத்தமா இருக்கோணும்."

சின்ன சாக்ஸின் நூல் முனையைத் தேடிப் பிடித்து, அவரே உருவிப் பிரித்துவிட்டார். இந்துமதி நூலை உருண்டையாகச் சுற்றினாள்.

அவர் மனைவி பொன்னாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"அவளை விடுங்க. பத்ரிநாத்துக்கு நீங்க வாரீங்களா, இல்லீங்களா? ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு, அதைச் சொல்லுங்க."

"குளிரு எனக்கு ஆகாது. நீ போயிட்டு வா."

"கோயிலுக்குள்ள ஷூவைத்தானுங்க கழட்டோணும். சாக்ஸ் போட்டுக்கலாமாம்."

"கடைச் சாக்ஸ் எனக்கு ஒத்துக்காது."

வேட்டியை இழுத்துப் பாதங்களை மூடிக்கொண்டு பேப்பரை விரித்தார்.

"எங்கூட வரப் புடிக்கலை, அவ்வளவுதான்" என்று பொன்னாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜோடி ஜோடியாப் போறவங்க நடுவுல நான் ஒத்தையா என்னத்தப் போயிக் கும்புடறது?"

அடுத்த வாரம் மறுபடியும் டேப் இறங்கியது. ஒன்று பத்து. ஒன்று ஒன்பது.

"ஸ்வெட்டர்ல இருக்கற கை சாக்ஸ்ல இல்லியே கண்ணு! எங்க கம்பெனியா இருந்தா இந்நேரம் கணக்கு முடிச்சு அனுப்பிச்சிருப்பேன்."

"சரிங்க மாமா."

அவர் கை நீளும் முன்பே அவள் சாக்ஸை மடியில் மறைத்துக்கொண்டாள். "பிரிச்சுராதீங்க. நானே பாத்துக்கறனுங்க."

"பாரேன் ரோஷத்தை" என்று சிரித்தார்.

யாத்திரை கிளம்பும் நாள். பொன்னாத்தாள் தன் பையை மட்டும் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

வாக்கிங் போக ஷூவை எடுத்த மாரப்பன் அப்படியே நின்றார். ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் ஒரு சாக்ஸ். இடது ஷூவின் நுனியில் அவர் யாருக்கும் தெரியாமல் அடைத்து வைக்கும் பனியன் வேஸ்ட் துணி உருண்டை மட்டும் இடம் மாறாமல் இருந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது காலில் சாக்ஸ். நேராக நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க இரண்டு காலையும் நீட்டினார். எங்கும் தொங்கலில்லை, இறுக்கமில்லை.

"கண்ணு, இந்த அளவை எங்க புடிச்சே?"

இந்துமதி தலையை நிமிர்த்தவில்லை. "குளிச்சுட்டு வர்றப்ப உங்க ஈரக்கால் தடம் தரையில விழுமுங்க மாமா. அது காயறதுக்குள்ள, உங்க டேப்பை எடுத்துத்தானுங்க அளந்தேன்."

மாரப்பன் குனிந்து இடது சாக்ஸின் நுனியைத் தடவிப் பார்த்தார்.

"பொன்னாத்தா, என் துணியையும் எடுத்து வெய்யி."

"நெசமாவா? குளிரு ஆகாதுன்னீங்க?"

"குளிரு என்ன பெரிய குளிரு" என்றவர், சின்ன வயதுக் காய்ச்சலில் ஒரு இஞ்ச் சிறுத்துப் போயிருந்த தன் இடது பாதத்தை முதல் முறையாக வேட்டிக்கு வெளியே ஆட்டிக்கொண்டே மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "ஆர்டர் குடுத்தவருகிட்டச் சொல்லிரு கண்ணு, சாக்ஸ் பாஸ்!"